நினைவுப் பங்காளி

பூவராகனின் இளமைக்காலம் சரியாக அமையவில்லை என்று அவருடைய நாற்பத்தொன்பதாவது வயதில் ஒரு பெண் அவரிடம் சொன்னாள். வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. கடைவாயில் சொத்தை இருக்கிறது என்று பல் டாக்டர் சொல்வதுபோலச் சொன்னாள். அதாவது, கவலைப்பட ஒன்றுமில்லை, எடுத்துவிட்டு வேறு வைத்துவிடலாம்.

"மோசம்னு சொல்ல வரல சார். ஒரு கதையா அது நிக்க மாட்டேங்குது. அவ்வளவுதான்."

அவள் பெயர் சம்யுக்தா. சோழிங்கநல்லூரில் பதினெட்டாவது மாடியில் இருந்த அகமுகம் நினைவு மையத்தில் முதுநிலைக் கதை வடிவமைப்பாளர். வரவேற்பறையில் ஒரு கல் புத்தர், அவர் தலையில் சொட்டும் தண்ணீர், தண்ணீருக்கு அடியில் நீல விளக்கு. பணம் வாங்கிக்கொண்டு மனதைத் தொடும் எந்த இடத்திலும் இந்த மூன்றும் இருந்தே தீரும். பச்சை நிறத்தில் ஒரு பானம் கொடுத்தார்கள். கொத்தமல்லிச் சட்னியில் தண்ணீர் கூடிப்போனதுபோல இருந்தது. பூவராகன் மரியாதைக்காகக் குடித்துவைத்தார்.

அவர் ஊர்த்துவா லிஃப்ட் கம்பெனியில் துணைப் பொது மேலாளர், பாதுகாப்புப் பிரிவு. லிஃப்ட் ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டு நின்றால் போதும், எந்த உருளையில் எண்ணெய் வற்றியிருக்கிறது, எந்தக் கம்பி வடம் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்லிவிடுவார். தென்னிந்தியத் தலைவர் பதவி மூன்று தடவை அவரைத் தாண்டிப் போயிருந்தது. கடைசியாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு லிஃப்டில் கால் வைத்தாலே மூச்சு முட்டும். மூன்றாவது மாடிக்கும் படியேறித்தான் வருவார். ஆனால் அவருடைய முத்திரை எண் தொண்ணூற்றாறு. பூவராகனுடையது ஐம்பத்தெட்டு. இப்போது அந்த நாற்காலி மறுபடி காலியாகியிருந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களைக் கம்பெனி தலைவராக்குவதில்லை. ஆக இது கடைசி வாய்ப்பு.

முத்திரை எண் என்ன என்று கேட்பவர்கள் பாக்கியவான்கள். ஒரு காலத்தில் வேலை தேடுகிறவர்கள் தினமும் காலையில் தங்கள் பெருமையைத் தாங்களே எழுதி இணையத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். சிக்னலில் பூ விற்ற பெண்மணியிடம் நிர்வாகம் கற்றேன், என் நாய் இறந்தபோது விற்பனை உத்தி கற்றேன் என்றெல்லாம். எல்லோரும் எழுதினார்கள், எல்லோரும் எல்லோருக்கும் கை தட்டினார்கள், ஒருவரும் ஒருவரையும் நம்பவில்லை. அப்புறம்தான் உண்மைமானி வந்தது. மணிக்கட்டில் ஒரு பட்டை, நெற்றியில் ஒரு வில்லை. உண்மை சொன்னால் பச்சை விளக்கு, பொய் சொன்னால் சிவப்பு. ஒரு வருஷம் நாட்டில் யாருமே பதவி உயர்வு பெறவில்லை. பிறகு நினைவு மையங்கள் திறந்தன. பச்சை விளக்கு எரிய ஒருவர் சொல்லும் வாழ்க்கைக் கதைக்கு நூற்றுக்கு எத்தனை மதிப்பெண் என்பதுதான் முத்திரை எண்.

"நடந்தது ஒண்ணு, சொல்றது ஒண்ணுன்னா மானி கண்டுபிடிச்சிடாதாம்மா?" என்று கேட்டார் பூவராகன்.

"நடந்தது அதுக்கு எப்படி சார் தெரியும்? அது என்ன அங்க வந்து நின்னு பாத்துச்சா? உங்க மூளையில என்ன எழுதியிருக்கோ அதைத்தான் படிக்கும். நாங்க எழுத்தை மாத்திக் கொடுத்துடுவோம். மாத்தினதும் உங்களுக்கு ஞாபகம் இருக்காது. இருந்தா சிவப்பு எரிஞ்சிடும் இல்லையா?" என்று சிரித்தபடி அவர் மணிக்கட்டில் பட்டையைக் கட்டி, நெற்றியில் வில்லையை ஒட்டினாள். "சரி, உங்க தொடக்கக் கதையைச் சொல்லுங்க. முதல் வேலை எப்படிக் கிடைச்சது?"

அதைச் சொல்லப் பூவராகனுக்கு அலுத்ததே இல்லை. கம்பெனி ஆண்டு விழாவிலிருந்து அரிமா சங்கம் வரை நாற்பது மேடைகளிலாவது சொல்லியிருப்பார்.

திருவல்லிக்கேணி. மேன்ஷன் என்று பெயர் வைத்துக்கொண்ட நாலு மாடிப் புறாக்கூண்டு. மூன்றாவது மாடி, அறை எண் முப்பத்தொன்று. விருத்தாசலத்திலிருந்து வந்த அவரும் நாகர்கோவிலிலிருந்து வந்த ஜெயசீலனும். இரண்டு கட்டில், ஒரு மின்விசிறி, ஒரு சார்ஜர், ஒரே ஒரு நல்ல சட்டை. வெளிர்நீலம், முழுக்கை. பாண்டி பஜாரில் இருவரும் சேர்ந்து வாங்கியது. யாருக்கு இன்டர்வியூவோ அவர் போட்டுக்கொண்டு போவார்; வந்ததும் துவைத்துக் கொடியில் போட்டுவிட வேண்டும். முறை தவறாமல் இருக்கச் சுவர்க் காலண்டரில் பூ, ஜெ என்று மாற்றி மாற்றி எழுதிவைத்திருந்தார்கள். அந்தச் சட்டை பார்க்காத கம்பெனி சென்னையில் இல்லை.

ஊர்த்துவாவிலிருந்து இருவருக்கும் ஒரே நாளில் கடிதம் வந்தது. ஒரே பதவி, ஒரே நேரம், காலை பத்து மணி. காலண்டரில் அன்று 'ஜெ'. விடிந்ததும் லேசான தூறல். எட்டு மணிக்குப் பூவராகன் நிதானமாகக் குளித்துவிட்டு அறைக்கு வந்தபோது, ஜெயசீலன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். "எனக்குத் தேதி தள்ளிப் போச்சு மக்கா. நீ போட்டுக்கிட்டுப் போ" என்றான். அவனே மாட்டிவிட்டான். அவனே காலர் பட்டனைப் போட்டான். தேதி ஒன்றும் தள்ளிப்போகவில்லை என்பது பூவராகனுக்கு வேலை கிடைத்த பிறகுதான் தெரிந்தது.

சொல்லி முடித்ததும் வழக்கம்போலக் கைதட்டலுக்காக ஒரு கணம் நிறுத்தினார். மேசைமேல் மானியின் பச்சை விளக்கு ஆடாமல் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

"ரொம்ப அழகு சார்," என்றாள் சம்யுக்தா. "அஞ்சு வருஷத்துக்கு முன்னாடின்னா பிச்சுக்கிட்டுப் போயிருக்கும். அப்ப நன்றிதான் ஓடிக்கிட்டிருந்துது. 'நன்றி மறவாத தலைவர்'. இப்ப மார்க்கெட் தனியாள் பக்கம் போயிடுச்சு. உங்க கதையில நாயகன் யாரு? ஜெயசீலன். நீங்க வெறும் சட்டை போட்டுக்கிட்டவர்."

"அதுதானம்மா நடந்தது."

"நடந்ததை விடுங்க சார். நான் ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன். அறையில நீங்க மட்டும்தான். சட்டையே இல்ல. மேன்ஷன் ஜன்னல் திரையைக் கிழிச்சு, நீங்களே ஊசி நூல் வாங்கி, கையால ஒரு சட்டை தைக்கிறீங்க. அதைப் போட்டுக்கிட்டுப் போய் வேலை வாங்கறீங்க. எண்பத்தொன்பது உறுதி. பேரும் 'வரா'ன்னு சுருக்கிடலாம்."

"எனக்குப் பட்டன் வைக்கக்கூடத் தெரியாதேம்மா."

"தெரிஞ்சதா ஞாபகம் வந்துடும் சார்."

ஆண் பிள்ளைகள் மட்டுமே குடியிருந்த திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஜன்னலுக்குத் திரை ஏது என்று கேட்க நினைத்தார். கேட்கவில்லை. ஐம்பத்தெட்டு எண் உள்ளவர்கள் அதிகம் கேள்வி கேட்பதில்லை.

"அப்ப ஜெயசீலன்?"

"பேரு தெரிஞ்சவங்க பட்டியல்ல இருப்பார். முகம் கொஞ்சம் மங்கலா." அவள் ஒரு தாளை நகர்த்தினாள். "படிவம் ஏழு. ஒரு நினைவுல இன்னொருத்தர் இருந்தா அவர் நினைவுப் பங்காளி. பின்னாடி பொது இடத்துல மறுத்துப் பேச மாட்டேன்னு அவர் கையெழுத்துப் போடணும். சட்டம் சார்."

வீட்டில் மங்கையர்க்கரசி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை; பீன்ஸ்கூட அவள் கையில் ஒரே அளவில்தான் விழும். நாகர்கோவில் போக வேண்டும் என்றதும் கத்தி நின்றது.

"எதுக்கு?"

சொன்னார். அவள் கத்தியை முறத்தில் வைத்தாள்.

"தபால்ல அனுப்பிக் கையெழுத்து வாங்கிக்கலாம்னு சொல்றாங்க அரசி. நீ என்ன சொல்றே?"

"வேணாம். நேர்ல போங்க," என்றாள். "நேர்ல போயே கேளுங்க."

காலை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் ஊருக்கு முன்னால் நினைவுகள் ஓடிவந்தன. மொட்டைமாடியில் நாற்பது லுங்கிகள் காயும். கீழ்த்தளத்து மெஸ்ஸில் சாம்பார் வாளியைக் கையில் வைத்துக்கொண்டே சர்வர் கிரிக்கெட் பார்ப்பான். சாயங்காலம் கடற்கரை வரை நடந்துபோய், ஒரு சுண்டல் பொட்டலத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு, கம்பெனிகளின் பெயர்களைச் சொல்லி வரிசையாகத் திட்டுவார்கள். இரவு முழுக்க ஜெயசீலன் தூக்கத்தில் ஆங்கிலத்தில் இன்டர்வியூ கொடுப்பான். அவனைப் போய் ஒரு தாளில் கையெழுத்து வாங்கி மங்கலாக்க வேண்டும். கடைசியாக அவனோடு எப்போது பேசினோம் என்று யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை. வேலை அப்படி என்று சொல்லிக்கொண்டார்.

வெட்டூர்ணிமடத்தில் ஜெயசீலன் கல்யாணப் பாத்திரங்களும் நாற்காலிகளும் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தான். உள்ளே ஆள் உயர அண்டாக்கள், கூரையை முட்டும் பிளாஸ்டிக் நாற்காலி அடுக்குகள். நடுவே ஒரு கரண்டிக் கட்டைத் துடைத்துக்கொண்டு, வழுக்கையும் தொந்தியுமாக அவன். நிமிர்ந்து பார்த்தான். எழுந்திருக்கவில்லை. பார்வை முகத்திலிருந்து இறங்கி, கையிலிருந்த உறையில் நின்றது.

"கவரோட வந்திருக்கே. அப்பம் கையெழுத்துக்குத்தான்," என்றான். "இரி மக்கா. சாயா குடிக்கியா?"

பூவராகன் ஒரு வாடகை நாற்காலியில் உட்கார்ந்தார். "உனக்கு எப்படிடா தெரியும், கையெழுத்துன்னு?"

"மொதல்ல கதையச் சொல்லு. இந்தத் தடவ என்ன கத?"

'இந்தத் தடவை' என்பது காதில் விழுந்தாலும் மனதில் ஏறவில்லை. மேன்ஷன் சட்டை பற்றியும், அதை எடுத்துவிட்டு வேறு கதை வைக்கப்போவது பற்றியும் தடுமாறித் தடுமாறிச் சொன்னார். "நீ எனக்காக விட்டுக்கொடுத்தியே, அந்த நாளை எடுக்கச் சொல்றாங்கடா. எனக்கு மனசே வரல. தூறல், நீ இஸ்திரி போட்டுக்கிட்டு நின்னது, எட்டு மணிக்கு நான் குளிச்சிட்டு வந்தது..."

"நில்லு, நில்லு." ஜெயசீலன் கரண்டியைக் கீழே வைத்தான். "எட்டு மணிக்கா?"

"ஆமா."

"நிதானமாக் குளிச்சே?"

"ஆமாண்டா."

ஜெயசீலன் சிரிக்க ஆரம்பித்தான். தொந்தி குலுங்கியது, பின்னால் அண்டாக்கள் அதிர்ந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "திருவல்லிக்கேணி மேன்ஷன்ல, ஒரு மாடிக்கு முப்பது பயக்க, ஒரே ஒரு குளிமுறி. காலம்பற எட்டு மணிக்கு அது காலியா இருந்துதாம், இவரு நிதானமாக் குளிச்சாராம்! கதை எழுதினவன் ஒருநாளும் மேன்ஷன்ல இருந்திருக்க மாட்டான் கேட்டியா. லேய், அஞ்சு மணிக்கு வாளியக் கொண்டு வரிசையில வச்சா ஏழரைக்குத்தான் உள்ள போவ முடியும். மறந்துட்டியா?"

மறக்கவில்லை. வாளி வரிசை நன்றாக ஞாபகம் இருந்தது. நீலம், சிவப்பு, கைப்பிடி போன மஞ்சள். எல்லா நாளும் ஞாபகம் இருந்தது. அந்த ஒரு நாளில் மட்டும் வரிசை இல்லை. இத்தனை வருஷம் அதை ஒரு தடவையும் யோசித்ததில்லை.

ஜெயசீலன் எழுந்துபோய், வாடகைச் சீட்டுகள் குத்திய கம்பியின் அடியிலிருந்து மடித்த தாள் ஒன்றை உருவிக்கொண்டு வந்தான். படிவம் ஏழு. கீழே நினைவுப் பங்காளி: ஜெயசீலன். மேலே விண்ணப்பதாரர்: பூவராகன். அவருடைய கையெழுத்துதான், 'பூ'வின் சுழியை அவரைப் போல வேறு யாரும் அவ்வளவு அசிங்கமாகப் போட முடியாது. தேதி ஐந்து வருஷத்துக்கு முந்தையது. அவர் துணைப் பொது மேலாளர் ஆன வருஷம்.

"இதே கடை. இதே மாதிரி வந்து இருந்தே," என்றான் ஜெயசீலன்.

"அப்ப... நிஜமா என்னதாண்டா நடந்தது?"

"வேணாம் மக்கா. சாயா ஆறுது."

"சொல்லுடா."

ஜெயசீலன் துணியை எடுத்து மறுபடி கரண்டியைத் துடைத்தான். அது ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு எனக்க முறை. காலண்டர்ல 'ஜெ'. நான் வாளியோட வரிசையில நிக்கேன். குளிச்சிட்டு வந்து பாத்தா கொடியில சட்டையக் காணல, உன்னையும் காணல. நீ குளிக்கவே இல்ல, கேட்டியா. குளிக்காமப் போட்டுக்கிட்டுப் போயிட்டே. நான் மெஸ் முதலாளிக்க சட்டைய இரந்து வாங்கிப் போட்டுக்கிட்டு வந்தேன். அவரு அண்டா சைசு ஆளு. தோள் முழங்கையில கெடக்கு. எனக்குள்ள இன்னொருத்தனுக்கும் எடம் இருந்துது."

பூவராகன் சாயாக் கிளாஸைக் கீழே வைத்தார்.

"சட்டைய எடுத்ததுகூடப் பெருசில்ல மக்கா. எனக்கு நெருக்கடி வந்தா நானும் எடுத்திருப்பேன். காத்திருக்க ஹால்ல நீ இருந்தே. நான் கதவத் தொறந்து வந்தேன். என்னப் பாத்தே. பாத்துட்டு, பேப்பர விரிச்சு மூஞ்ச மறச்சுக்கிட்டே. எல்லாவனும் எனக்க சட்டையப் பாத்துச் சிரிக்கான். நீ பேப்பர் படிக்கே. ஒரு வார்த்த... 'வா ஜெயா, இங்க இரி'ன்னு ஒரு வார்த்த. அவ்வளவுதான். அதுதான் எனக்கு."

கடைக்கு வெளியே ஒரு வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. ஜெயசீலன் போய், இருநூறு நாற்காலிகள் ஏற்றச் சொல்லிவிட்டு வந்தான்.

"ஆறு மாசம் கழிச்சு வந்து கால்ல விழுந்தே. நான் நல்லா ஏசினேன். அதுக்குப் பொறவு மாசம் தவறாமக் கூப்பிடுவே. மொத ஞாயித்துக்கிழமை. எடுத்த உடனே, 'மன்னிச்சிரு ஜெயா'. நான் ஒரு அஞ்சு நிமிசம் ஏசுவேன். பொறவு ஒரு மணிக்கூர் பேசுவோம். உனக்க பெண்டாட்டிக்குப் பிரசவம், எனக்க அப்பனுக்க சாவு, உங்க லிஃப்டுக, எங்க அண்டாக்க. இருபத்திரண்டு வருசம் இப்பிடித்தான் ஓடிச்சு."

"அப்புறம்?"

"பொறவு நீ இந்தத் தாளக் கொண்டு வந்தே. குத்தம் தாங்கலன்னே. இத எடுத்துட்டா பதவியும் வரும், மனசும் லேசாவும்னே. அழுதே. பயலுக்கு லேசாவட்டும்னு நானும் போட்டுக் குடுத்தேன். குத்தத்தோட சேந்து நானும் போயிருவேன்னு ரெண்டு பேருக்குமே தோணல."

"நான் உன்னை மறக்கலையேடா! எத்தனை மேடையில உன்னைப் பத்தி..."

"அறிவேன். ஒண்ணு ரெண்டு வீடியோ பாத்தேன். நல்லாப் பேசுதே." ஜெயசீலன் சிரித்தான், இந்தத் தடவை தொந்தி குலுங்கவில்லை. "நன்றி உள்ளவனுக்கு ஃபோன் பண்ணணும்னு தோணாது மக்கா. மேடை ஏறணும்னுதான் தோணும். அஞ்சு வருசத்துல ஒரு தடவ கூப்பிட்டியா?"

பூவராகன் கையிலிருந்த உறையைப் பார்த்தார்.

ஜெயசீலன் புதுப் படிவத்தை இழுத்து, ஒரு குட்டுவப் பாத்திரத்தைக் கவிழ்த்து அதன்மேல் வைத்து, கையெழுத்துப் போட்டான். "வச்சுக்க. ஒருமட்டம் போட்டவன் இன்னொருமட்டம் போட மாட்டேன்னா சொல்லப்போறேன்? உனக்குப் பதவி கிட்டுனா எனக்கும் சந்தோசம்தான். போவும்போது அந்த நாற்காலிய அடுக்குல வச்சுட்டுப் போ."

வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும். வீட்டார் ஒப்புதல்னு படிவம் எட்டு இருக்கு. போட்டேன்," என்றாள் அரசி. "ஒவ்வொரு மாசமும் போன்ல நீங்க கெஞ்சறதைப் பாக்க எனக்குப் பிடிக்கல. நல்லதுதானேன்னு நெனச்சேன். போன் நின்னுச்சு. ஆனா பேசி முடிச்சிட்டு வந்து அரைமணி நேரம் சிரிச்சுக்கிட்டே இருப்பீங்க பாருங்க, அதுவும் நின்னுச்சு. அது அப்புறந்தான் எனக்கு ஒறைச்சது."

இன்டர்வியூ கிண்டியில், முப்பதாவது மாடியில். பூவராகன் நினைவு மையத்துக்குப் போகவில்லை. கையெழுத்திட்ட படிவம் சட்டைப் பையில் அப்படியே இருந்தது. லிஃப்டில் ஏறும்போது வழக்கம்போலக் கண்ணை மூடினார். லிஃப்ட் பிடித்து ஓடும் இடது வழித்தண்டில் ஒரு சன்னமான உரசல், நான்கு மாதத்தில் மாற்ற வேண்டும். இந்த ஒரு விஷயம்தான் மூளையில் யாரும் கை வைக்காமல் மிச்சமிருக்கிறது என்று தோன்றியது.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இயக்குநர் சேஷகோபன். 'உயர்வு என்பது ஓர் உள்நிலை' என்று புத்தகம் போட்டவர். வந்தவர்களுக்கெல்லாம் அதைக் கையெழுத்திட்டுக் கொடுப்பவர். வில்லையையும் பட்டையையும் மாட்டிவிட்டார்கள்.

"மிஸ்டர் பூவராகன், உங்களை உருவாக்கிய தருணம் எது? உங்கள் வேர்களிலிருந்து சொல்லுங்கள்," என்றார் சேஷகோபன், மைக் இல்லாத இடத்தில் மைக் இருப்பதுபோல.

"இந்தக் கம்பெனி வேலையை நான் திருடினேன் சார்," என்றார் பூவராகன்.

சிவப்பு.

மூவரும் விளக்கைப் பார்த்தார்கள். பூவராகனும் பார்த்தார். தொடர்ந்து சொன்னார். முறை நண்பனுடையது. சிவப்பு. அவன் குளிக்கப் போயிருந்தபோது சட்டையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சிவப்பு. அவன் யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு வந்து நின்றான், எல்லோரும் சிரித்தார்கள், நான் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அந்த நாளைப் பற்றி உண்மை பேசுகிறார். ஒரு வார்த்தைகூட விடாமல் மானி அதைப் பொய் என்றது. அவர் மூளையில் அப்படி ஒரு நாளே இல்லை. ஜெயசீலன் சொல்லக் கேட்டது மட்டும்தான் இருந்தது.

"இவ்வளவு மோசமான அளவீட்டை நான் பார்த்ததில்லை," என்றார் சேஷகோபன். "ஏன் இப்படிப் புனைகிறீர்கள்? உங்கள் மேடைப் பேச்சை நானே கேட்டிருக்கிறேனே. நண்பர் சட்டையைக் கொடுத்தாரே, அது என்ன ஆயிற்று?"

பூவராகன் கண்ணை மூடினார். தூறல். இஸ்திரிப் பெட்டியின் சூடான வாசனை. காலருக்குக் கீழே ஜெயசீலனின் விரல்கள். இவ்வளவு அழகாக அவருடைய வாழ்க்கையில் வேறெதுவும் நடந்ததில்லை. இதுவும் நடக்கவில்லை.

"என் நண்பன் அவனாகவே எனக்குச் சட்டையை மாட்டிவிட்டான்," என்றார்.

பச்சை.

சேஷகோபனின் முகம் மலர்ந்தது. "பார்த்தீர்களா! இதுவல்லவா உண்மை. நன்றி கொஞ்சம் பழைய போக்குதான், இருந்தாலும் நாங்கள் பரிசீலிக்கலாம்..."

"அது பொய் சார்."

சிவப்பு.

இயக்குநர் மேசையில் பேனாவை வைத்தார். பூவராகன் தானே வில்லையைக் கழற்றினார். கதவருகே திரும்பி, "லிஃப்டில் இடது வழித்தண்டை நாலு மாசத்துக்குள்ள மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த நேரத்தில் விளக்கு என்ன நிறத்தில் எரிந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

இரண்டு நாள் கழித்துச் சம்யுக்தா கூப்பிட்டாள். பதவி கிடைக்காத விஷயம் அவளுக்கு எட்டியிருந்தது. குரலில் அதற்கான துக்கம் இல்லை.

"சார், நீங்க உள்ள சொன்னதைக் கேள்விப்பட்டேன். திருட்டு! துரோகம்! பேப்பரால மூஞ்சியை மூடிக்கிறது! என்ன ஒரு காட்சி சார்! அடுத்த வருஷம் என்ன வரப்போகுது தெரியுமா? 'மனம் திருந்திய தலைவர்'. அந்த நினைவை உங்களுக்கு அச்சுக் குத்தின மாதிரி பதிச்சுடலாம். பச்சை எரியும். வயசு வரம்புக்கு விலக்கு வாங்கித் தர்றது எங்க பொறுப்பு."

"நடந்ததையே பதிச்சுக் கொடுப்பீங்களா?"

"நடந்ததைவிட நல்லா."

"வேணாம்மா," என்றார் பூவராகன். சட்டைப் பையிலிருந்த படிவத்தை எடுத்து, பீன்ஸ் நார் கிடந்த முறத்தில் போட்டார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலைப் பலகாரம் முடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். மூன்றாவது மணியில் ஜெயசீலன் எடுத்தான்.

"மன்னிச்சிரு ஜெயா."

அந்தப் பக்கம் பாத்திரங்கள் மோதும் சத்தம் நின்றது. "எதுக்கு?"

"சட்டையை எடுத்துக்கிட்டுப் போனதுக்கு. பேப்பரை விரிச்சதுக்கு."

"உனக்கு அது ஞாபகம் இருக்கா?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "இல்லடா. எவ்வளவு யோசிச்சாலும் நீ இஸ்திரி போட்டுக்கிட்டு நிக்கிறதுதான் வருது."

"பொறவு ஞாபகம் இல்லாதவன் கேக்க மன்னிப்ப நான் என்னத்தச் செய்ய? அண்டாவுக்கு உள்ள போட்டு மூடி வைக்கவா? விட்டுரு மக்கா. அது போச்சு."

போனை வைத்துவிடுவான்போல இருந்தது. பூவராகன் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜெயசீலனுக்குக் கொடுக்கத் தன்னிடம் நிஜமாக என்ன இருக்கிறது என்று தேடினார். அந்தக் காலை இல்லை. அந்த ஹால் இல்லை. அவமானம்கூட இரவல். அப்போது, யாரும் பதிக்காமல், யாரும் எழுதித் தராமல், ஒன்று தொண்டைக்கு ஏறி வந்தது.

"அஞ்சு வருஷமா உனக்கு ஒரு போன்கூடப் பண்ணலடா," என்றார். "அது எனக்கு ஞாபகம் இருக்கு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் வீட்டுல சும்மாதாண்டா இருந்தேன்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே வைக்கப்பட்டது. பிறகு ஜெயசீலன் மூக்கை உறிஞ்சினான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"சவத்து மூதி," என்று ஆரம்பித்தான். "எனக்க மூத்த மகளுக்குக் கல்யாணம் முடிஞ்சு மூணு வருசமாச்சு, தெரியுமாலே உனக்கு? பொறக்கப்போற பேரப் பிள்ளைக்குப் பேர் வச்சாச்சு, தெரியுமா? எனக்கு நெஞ்சுல குழல் வச்சாங்க, தெரியுமா? மேடையில என்னப் பத்திக் கத பேசுதாரு, பெரிய இவரு..."

பூவராகன் பால்கனித் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். ஒன்றும் தெரியாது, ஒன்றும் தெரியாது என்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.